வயதான மறதியா, டிமென்ஷியாவா? – ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

சேவைச் சங்கங்கள் என்றதும் அரசுப் பள்ளி ஆசிரியர்களான நமக்கு நினைவுக்கு வருபவை மேசை, நாற்காலி, குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, கண் பரிசோதனை முகாம் ஆகியவையே. ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள், பொருளை வழங்குவார்கள், நிழற்படம் எடுத்துக்கொண்டு விடைபெறுவார்கள். அந்தச் சங்கங்களுக்கு இன்னொரு முகம் உண்டு. அது அவர்களுடைய வாரக் கூட்டம்.

1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் நண்பர்கள் மூவருடன் தொடங்கியது ரோட்டரி சங்கம். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் சுழற்சி முறையில் நடத்தியதால் அந்தப் பெயர் வந்தது. 1917இல் அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று தொடங்கிய அரிமா சங்கமும் உலகம் முழுவதும் பரவியது. இத்தகைய சங்கக் கூட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அறிவிப்புகள், பிறந்தநாள் வாழ்த்துகள் முடிந்ததும் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அரைமணி நேரம் பேசச் செய்வார்கள். வங்கி மேலாளர், வேளாண் அலுவலர், மருத்துவர் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வாரக் கூட்டத்திற்கு ஆசிரியர்கள் சிலரையும் அழைத்திருந்தார்கள். அன்றைய பேச்சாளர் ஒரு மனநல மருத்துவர், தலைப்பு டிமென்ஷியா. அவர் பேசியது அரைமணி நேரம்தான். கேள்விகள் முக்கால் மணி நேரம் நீண்டன. ஜவுளிக்கடை உரிமையாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொறியாளர் என்று எழுந்தவர்கள் எல்லோரும் ‘எங்க வீட்டில்…’ என்றுதான் தொடங்கினார்கள். பெரும்பாலான கேள்விகளின் சாரம் ஒன்றே: “வயசானா மறதி வர்றது சகஜம்தானே, டாக்டர்?”

அந்தக் கேள்விக்கான விடை ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் மாணவர்கள் பலர் தாத்தா பாட்டியுடன் வாழ்கிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் இந்த இரு தலைமுறையினர் மட்டுமே. பாட்டியின் மாற்றத்தை முதலில் பார்ப்பவரும், அதைப் புரிந்துகொள்ள முடியாமல் திகைப்பவரும் பல வீடுகளில் நம் வகுப்புக் குழந்தைதான்.

மறதிக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு

வயது கூடும்போது நினைவு சற்று மந்தமாவது இயல்பு. தெரிந்தவரின் பெயர் உடனே நாக்கில் வராது. பத்து நிமிடம் கழித்து வரும். மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவோம்; எங்கெங்கே போனோம் என்று யோசித்துக் கண்டுபிடிப்போம். இது நோயன்று.

டிமென்ஷியாவில் நடப்பது வேறு. சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் அது மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழித்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. திருமணத்தில் பார்த்த ஒருவரின் பெயர் மறப்பது இயல்பு. திருமணத்திற்குப் போனதே மறந்துபோய், நினைவூட்டினாலும் ‘நான் எங்கே போனேன்?’ என்று கேட்பது இயல்பன்று.

டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயரும் அல்ல. காய்ச்சல் என்பது பல நோய்களின் வெளிப்பாடாக இருப்பதுபோல, மூளையைத் தாக்கும் பல நோய்களின் விளைவாக நினைவு, சிந்தனை, மொழி, முடிவெடுக்கும் திறன், அன்றாடச் செயல்கள் ஆகியவை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் நிலைக்குத்தான் இந்தப் பெயர். இவற்றில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்து, மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதால் வரும் வகை. கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இதற்கு வழி வகுக்கின்றன. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, நடையில் தளர்ச்சி ஆகியவற்றோடு வரும் லூயி உறுப்பு வகை ஒன்று உண்டு. நினைவைவிட நடத்தையை முதலில் மாற்றும் முன்மூளை வகை மற்றொன்று. ஒரே நபருக்கு இரண்டு வகைகள் சேர்ந்து வருவதும் உண்டு.

அல்சைமர் நோயில் புதிய செய்திகளைப் பதிந்துகொள்ள உதவும் மூளைப்பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் இல்லாத பாட்டி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் திருமணத்திற்கு வந்த மாட்டுவண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்வது இதனால்தான். ‘பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, இப்ப நடந்ததை மட்டும் மறந்ததா நடிக்கிறாங்க’ என்று வீட்டில் எழும் கோபத்திற்கு அறிவியல் தரும் பதில் இது.

1901: ஒரு பெண்மணியும் ஒரு மருத்துவரும்

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. காரணமில்லாத சந்தேகம், மறதி, இரவில் உறக்கமின்மை என்று தொடங்கிய மாற்றங்களைக் கணவரால் சமாளிக்க முடியவில்லை. அங்கே மருத்துவராக இருந்த அலோயிஸ் அல்சைமர், அவரிடம் கேட்ட கேள்விகளையும் அவர் தந்த பதில்களையும் அப்படியே எழுதி வைத்தார். பெயரைக் கேட்டபோது சரியாகச் சொன்னவர், கணவரின் பெயரைக் கேட்டபோதும் தன் பெயரையே சொன்னார். பெயரை எழுதச் சொன்னபோது அவரால் எழுதி முடிக்க முடியவில்லை.

1906இல் அவர் இறந்தார். அதற்குள் மியூனிக் நகருக்கு மாறியிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விளக்கினார். அவையில் இருந்தவர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1910இல் எமில் கிரேப்லின் தம் மருத்துவப் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அறிவியல் ஆசிரியர்கள் இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லலாம். உற்றுநோக்கல், பதிவு செய்தல், ஆய்வு, முடிவு என்று நாம் கற்பிக்கும் அறிவியல் முறை அத்தனையும் இதில் இருக்கிறது. முதுமையின் கோளாறு என்று கடந்து போகாமல், ஒரு மனிதரின் குழப்பத்தைப் பொறுமையுடன் கேட்டு எழுதிய ஒருவரால்தான் இது நோய் என்று உலகுக்குத் தெரிந்தது.

பெயரில் இருக்கிறது சிக்கல்

இதை நாம் ‘மறதி நோய்’ என்கிறோம். சொல் எளிமையானது, ஆனால் முழுமையானதன்று. மறதி மட்டுமே அறிகுறி என்று நினைத்துவிடுகிறோம். மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்ற சந்தேகம், காரணமில்லாத கோபம், குளிக்க மறுப்பது, மாலையானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொந்த வீட்டிலேயே கிளம்பி நிற்பது ஆகியவையும் இந்நோயின் வெளிப்பாடுகள் என்பது தெரியாமல் போகிறது. ‘பிடிவாதம்’, ‘வயசுக் கோளாறு’, ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று ஊர் வேறு பெயர்கள் வைக்கிறது. பெயர் தவறினால் மருத்துவரிடம் போகும் வழியும் தவறிவிடுகிறது. கோடாங்கியிடமும் குறிசொல்பவரிடமும் மாதங்கள் கழிகின்றன.

ஜப்பானிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே வழக்கில் இருந்த பழைய சொல்லில் ‘மந்தம்’, ‘மடமை’ என்ற இழிவான பொருள் கலந்திருந்தது. 2004இல் அரசே அச்சொல்லைக் கைவிட்டு, ‘அறிதல் தொடர்பான நோய்நிலை’ என்று பொருள்படும் புதிய சொல்லை ஏற்றது. அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயிற்சி தரும் திட்டம் தொடங்கியது. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் எனப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஆரஞ்சு நிற மணிக்கட்டு வளையம் அடையாளமாகத் தரப்பட்டது. இன்று அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். வழிதவறி நிற்கும் முதியவரைக் கண்டால் பதறாமல் அருகே சென்று மென்மையாகப் பேசுவதே அந்தப் பயிற்சியின் அடிப்படை. இது நம் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடிய பாடம்தான்.

நம் நாட்டில் எத்தனை பேர்?

இந்திய முதியோரிடையே நடத்தப்பட்டு 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம். முதியோர் விகிதத்தில் கேரளத்திற்கு அடுத்த நிலையில் இருப்பது தமிழ்நாடு. ஆகவே இது எங்கோ இருக்கும் செய்தியன்று; நம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் செய்தி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கூட்டத்தில் மருத்துவர் சொன்னவற்றை நம் வீட்டு வழக்கங்களோடு பொருத்தித் தொகுத்திருக்கிறேன்.

1. சொன்னதையே, கேட்டதையே சில நிமிடங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது, கேட்பது.
2. நாற்பது ஆண்டுகள் செய்த வேலை தடுமாறுவது. ரசத்திற்குப் புளி கரைப்பதை மறப்பது, கோலப் புள்ளிகளை இணைக்கத் தெரியாமல் நிற்பது போன்றவை.
3. தினமும் போகும் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ ரேஷன் கடையிலிருந்தோ வீடு திரும்ப வழி தெரியாமல் போவது.
4. பணக் கணக்கில் குழப்பம். ஓய்வூதியம் எடுத்ததையே மறப்பது, ஒரே கடனை இருமுறை அடைப்பது.
5. கிழமை, மாதம், பகல் இரவு குழம்புவது.
6. பழகிய பொருளின் பெயர் வராமல் ‘அது, அந்த இது’ என்று தொடர்ந்து பேசுவது.
7. பொருள்களைப் பொருந்தாத இடத்தில் வைப்பது. பிறகு திருடு போனதாகச் சொல்வது.
8. கலகலப்பானவர் ஒதுங்குவது, அமைதியானவர் கடுஞ்சொல் பேசுவது போன்ற குணமாற்றம்.

இவற்றில் ஒன்று ஒருநாள் நடந்தது என்பதற்காக அஞ்ச வேண்டாம். சில மாதங்களாகத் தொடர்ந்து, கூடிக்கொண்டே வந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில், ஓரிரு மணி நேரத்தில் திடீரெனக் குழப்பம் வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பின் அளவு குறைதல், பக்கவாதம் ஆகியவற்றின் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போவதால் என்ன பயன்?

‘குணப்படுத்த முடியாத நோய்க்கு மருத்துவர் எதற்கு?’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பலரின் மனத்தில் இருந்த கேள்வி அது.

முதற்காரணம், டிமென்ஷியாபோலத் தோன்றும் எல்லாமே டிமென்ஷியா அல்ல. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதை ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லால் இழந்துவிடக் கூடாது.

இரண்டாவது, அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்று இல்லை என்றாலும், அறிகுறிகளைச் சில காலம் தணிக்கும் மருந்துகள் சிலருக்குப் பலன் தருகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பது மேலும் சேதம் ஏற்படாமல் காக்க உதவுகிறது. 2021 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை வேளை தவறாமல் உட்கொள்வதே மூளைக்குச் செய்யும் பெரிய உதவி. ‘ஞாபக சக்திக்கு’ என்று விளம்பரப்படுத்தப்படும் டானிக்குகளுக்குச் செலவழிப்பது இதற்கு ஈடாகாது.

மூன்றாவது, முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் திட்டமிடலாம். பாதிக்கப்பட்டவரின் விருப்பங்களை அவர் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டறியலாம்.

நினைவுத்திறனை மதிப்பிடும் முறையில் ஆசிரியர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. 1975இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 30 மதிப்பெண் தேர்வு ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைதல் ஆகியவை அதில் அடங்கும். பள்ளிக்கே போகாத நம் பாட்டி, மூளை நலமாக இருந்தாலும் இதில் தோற்றுவிடுவார். இதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கென்று அதன் இந்தி வடிவத்தை இந்திய–அமெரிக்க ஆய்வுக் குழுவினர் உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். கற்பவரின் பின்புலத்திற்கு ஏற்ப வினாத்தாள் அமைய வேண்டும் என்று நாம் பயிற்சிகளில் கேட்பது மருத்துவத்திலும் உண்மையாகிறது.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் ஆலோசனை பெறலாம். சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டுள்ளது. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. பராமரிப்பவர்களும் இந்த எண்களை அழைக்கலாம்.

கேள்வி கேட்பதை நிறுத்துவோம்

ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு தொழிற்பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்று கேள்வி கேட்டுச் சோதிப்போம். டிமென்ஷியா உள்ள வீட்டில் அந்தப் பழக்கம் உதவாது. ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்?’ என்பது அங்கே அன்பான கேள்வியன்று. விடை தெரியாத தேர்வு. தெரியவில்லை என்ற வெட்கம் கோபமாக வெளிப்படும். அதற்குப் பதில், ‘அம்மாயி, நான் உங்க பேத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டேன்’ என்று விடையை நாமே தந்துவிட வேண்டும்.

இறந்துபோன கணவரைத் தேடி, ‘அவரு இன்னும் வரலையே’ என்று ஒரு மூதாட்டி கேட்கிறார். ‘அவர் செத்து இருபது வருஷமாச்சு’ என்பது உண்மை. ஆனால் அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச் செய்தி. ‘தாத்தாவை நினைச்சுக்கிட்டீங்களா? அவருக்கு என்ன பிடிக்கும்?’ என்று பேச்சை நினைவுகளின் பக்கம் திருப்பினால் மனம் அடங்கும். தவறைத் திருத்துவது நம் பணி. ஆனால் இங்கே திருத்தம் பயன்படாது. தேவைப்படுவது தேறுதல்.

குழந்தைகளும் பின்பற்றக்கூடிய வேறு சில வழிகள்:

- முன்னால் வந்து, முகம் பார்த்து, மெதுவாகப் பேசுதல். பின்னாலிருந்து கூப்பிடுவது திடுக்கிட வைக்கும்.
- ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுதல். ‘குளிச்சிட்டு, சேலை மாத்திட்டு, சாப்பிட வாங்க’ என்பது மூன்று கட்டளைகள்.
- ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்பதைவிட ‘தோசையா, இட்லியா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்டல்.
- கைப்பழக்கம் நெடுநாள் நிலைத்திருக்கும். பூண்டு உரித்தல், பூக்கட்டுதல், துணி மடித்தல் போன்ற வேலைகளைச் சேர்ந்து செய்தல். சரியாக வராவிட்டாலும் குறை சொல்லாதிருத்தல்.
- பழைய பாடல்களைக் கேட்கச் செய்தல். பேச்சு குறைந்தவர்களும் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பதுண்டு.
- முகவரி, கைபேசி எண் எழுதிய அட்டையைச் சட்டைப்பையிலோ சேலை முடிச்சிலோ வைத்தல். அண்மைய நிழற்படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருத்தல்.
- எரிவாயு உருளை, மாத்திரைகள், கிணறு, குளியலறை ஈரம் ஆகியவற்றில் பெரியவர்களின் கண்காணிப்பை உறுதி செய்தல்.

வகுப்பறையில் இருக்கும் பராமரிப்பாளர்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள்கள் வராமல் இருந்தாள். வந்த நாள்களிலும் முதல் பாடவேளையில் கண் சொருகும். கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் வருகைப்பதிவு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வகுப்பாசிரியை தனியே அமர்த்தி விசாரித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். சில நாள்களில் இரவுப் பணி. வீட்டில் அம்மாயி இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். அவரைப் பிடித்து அழைத்து வருவதும், மறுநாள் பகலில் காவல் இருப்பதும் இந்தப் பதின்மூன்று வயதுக் குழந்தையின் வேலை. ‘அம்மாயிக்குக் காத்துக் கருப்பு பிடிச்சிருக்குன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு சொல்லல டீச்சர்’ என்றாள்.

பள்ளி செய்தவை சிறியவையே. தலைமையாசிரியர் தாயை அழைத்துப் பேசினார். கிராம சுகாதார செவிலியரிடம் தகவல் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழிசெய்யப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், தாய் இரவுப் பணிக்குச் செல்லும் நாள்களில் துணைக்கு இருக்கத் தெருவிலேயே ஓர் உறவினரை ஏற்பாடு செய்தார். கதவின் மேற்பகுதியில் ஒரு தாழ்ப்பாளும் ஒரு சிறு மணியும் பொருத்தப்பட்டன. அம்மாயிக்கு நோய் குணமாகவில்லை; குணமாகப் போவதும் இல்லை. ஆனால் அது நோய் என்று தெரிந்த பிறகு, அந்தச் சிறுமி வெட்கப்படுவதை விட்டுவிட்டாள். இப்போது பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாள்.

நீண்ட விடுப்பு, வகுப்பில் தூக்கம், திடீர் எரிச்சல், வீட்டுப்பாடம் செய்யாமை ஆகியவற்றுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை என்று கேட்கும்போது, ‘தாத்தா பாட்டி எப்படி இருக்கிறார்கள்?’ என்பதையும் சேர்த்துக் கேட்போம். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். குழந்தை சொன்னதை ஆசிரியர் அறையில் பேசுபொருளாக்கவும் வேண்டாம். ‘இது உன் தவறால் வந்ததன்று, தொற்றும் நோயன்று, பாட்டி வேண்டுமென்று செய்யவில்லை’ என்ற மூன்று செய்திகளைக் குழந்தையிடம் சொல்லிவிட்டால் அதன் பாரம் பாதி இறங்கும்.

கல்வி தரும் பாதுகாப்பு

நம் பணிக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி இனித்தான் வருகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணிகளை வாழ்நாள் முழுவதும் கவனித்தால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது அது. காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. வாழ்வின் முதற்கட்டத்திற்குரியதாக அதில் இடம்பெற்றிருக்கும் காரணி, குறைவான பள்ளிக்கல்வி.

கல்வி மூளையில் ஒரு சேமிப்பை உண்டாக்குகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நோய் மூளையின் ஒரு பாதையை அடைத்தாலும், பயிற்சி பெற்ற மூளை மாற்றுப் பாதையைக் கண்டுகொள்கிறது. அதனால் அறிகுறிகள் தாமதமாகத் தெரிகின்றன. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த டேவிட் ஸ்னோடன் குழுவினர், அவர்களுள் ஒரு பகுதியினர் இருபது வயதையொட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். கருத்துச் செறிவோடு எழுதியவர்களிடையே முதுமையில் அல்சைமர் நோய் குறைவாகக் காணப்பட்டது என்று 1996இல் வெளியிட்டார்கள்.

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா உள்ள 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இன்னும் நமக்கு நெருக்கமானது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. படித்தவருக்கு நோய் வராது என்று பொருளில்லை. நன்கு படித்த பேராசிரியர்களுக்கும் வந்திருக்கிறது. எனினும், ஒரு பெண் குழந்தையை எட்டாம் வகுப்போடு நிற்கவிடாமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுசேர்ப்பது, அறுபது ஆண்டுகள் கழித்து அவள் மூளைக்கும் துணைநிற்கக்கூடும். பெண்களிடமும் கிராமங்களிலும் டிமென்ஷியா அதிகமாக இருப்பதற்கு, அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பள்ளிக்கல்வி மறுக்கப்பட்டதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இடைநின்ற குழந்தையைத் தேடி நாம் வீட்டுவாசலில் நிற்கும்போது இதையும் நினைவில் கொள்ளலாம்.

பள்ளியில் செய்யக்கூடியவை

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மறதிக்கும் டிமென்ஷியாவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களையே பேசச் செய்யலாம்.

தொடக்க வகுப்புகளில் ‘தாத்தா பாட்டியிடம் கேட்டு வா’ என்ற செயல்பாட்டைத் தரலாம். அவர்கள் விளையாடிய விளையாட்டு, பாடிய தாலாட்டு, படித்த அல்லது படிக்க முடியாமல் போன பள்ளி ஆகியவற்றைக் குழந்தைகள் கேட்டு எழுதட்டும். முதியவருக்கு அது நினைவுப் பயிற்சி, தனிமைக்கு மருந்து. குழந்தைக்கு மொழிப்பாடம். தாத்தா பாட்டி இல்லாத, அல்லது பேச இயலாத நிலையில் உள்ள வீட்டுக் குழந்தை பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வரலாம்.

உயர்நிலை வகுப்புகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றின் மாணவர்களைக் கொண்டு சிறு நாடகம் அமைக்கலாம். பேருந்து நிலையத்தில் வழிதவறி நிற்கும் முதியவரிடம் எப்படிப் பேசுவது என்பதே காட்சி. தவறாக ஒருமுறையும் சரியாக ஒருமுறையும் நடித்துக் காட்டினால் போதும்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்களுக்கு வரும் கற்போரிடமும் இச்செய்தியைச் சொல்லலாம். எந்த வயதிலும் புதிதாக ஒன்றைக் கற்பதும் நாலு பேரோடு கூடி அமர்வதும் மூளைக்கு நல்லவை என்பது அவர்களுக்கும் ஊக்கம் தரும்.

இனி, சேவைச் சங்கங்கள். அடுத்தமுறை அவர்கள் ‘பள்ளிக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால், பொருள்களின் பட்டியலோடு ஒரு பேச்சாளரையும் கேளுங்கள். வாரக் கூட்டத்தில் நாற்பது பேர் கேட்ட அந்த அரைமணி நேர உரையைப் பெற்றோர் கூட்டத்தில் இருநூறு பேர் கேட்கலாம். முதியோர்க்கான செவித்திறன், பார்வை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமைப் பள்ளி வளாகத்தில் விடுமுறை நாளில் நடத்தவும் கேட்கலாம். செவித்திறன் குறைந்தவருக்குக் காதொலிக் கருவி பெற உதவுவதும் டிமென்ஷியாவைத் தள்ளிப்போடும் வழிகளுள் ஒன்று.

இதற்கெனத் தனிப் பாடவேளையோ தனிப் பதிவேடோ தேவையில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மேலே உள்ள எட்டு அறிகுறிகளை வாசித்து, 14567 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போகும் தாய்மார்களில் ஒருவருக்காவது அது அன்று மாலையே தேவைப்படலாம்.